ஏழரை மணி, ஒன்பதாம் வாட்டு

ஒருகாலத்தில்
ஓடுகிற ரயிலின் கூரையில் நின்று
பதினெட்டுப் பேரை அடித்தவர்.
இப்போது சென்னைத் தொடர் ஒன்றில்
கட்டிலில் கிடக்கிறார் உதயவேந்தன்,
நாற்பத்தியோராவது நாளாக.
பாரிசவாதம். வசனம் இல்லை, கண்கள் மட்டும்.
மருமகள் சொத்துப் பத்திரத்தைக் கிழிக்கையில்
இமை துடிக்கவேண்டும்.
அந்த இமைக்கே சம்பளம் கொள்ளை என்கிறாள்
மிஸ்ஸி ரொசலின்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில்
வழங்காத விரல்களை
ஒவ்வொன்றாய் மடக்கி ஒவ்வொன்றாய் விரித்துச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
வேலை நாலு மணிக்கே முடிந்துவிடும்.
என் வீட்டு டிஷ் கச்சான் காற்றில் திரும்பிவிட்டது,
அதனால் நிற்பேன்.
அவர் நடிப்பில் குறை பிடிக்க
எனக்கு உரிமை உண்டு:
திங்களன்று வழங்காதது வலக்கை.
புதனன்று இடக்கை.
வாய் கோணுவது எப்போதும்
கமராவுக்குப் பிடித்த பக்கமாக.
எச்சில்
ஒருநாளும் வடிந்ததில்லை.

பதினோராம் கட்டில் கதிர்காமத்தம்பி.
சீனன்குடா மா ஆலையில்
முப்பது வருசம் மூட்டை எண்ணியவர்.
மாசியில் ஒரு விடியற்காலை
எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று வந்த வாயில்
எண்பது வரவில்லை.
வலப்பக்கமும் பேச்சும் ஒன்றாய்ப் போயின.
"கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள்
என்னை வீட்டில விட்டிட்டு
உதயவேந்தனைப் பார்க்கப் போன மனிசன்,"
என்றாள் தெய்வயானை,
அவருக்குச் சவரம் செய்தபடி.

ஆகவே ஏழரைக்கு
கட்டிலை டிவிப் பக்கம் திருப்பிவிடுவோம்.
கிடப்பவர் கிடப்பவரைப் பார்ப்பார்.
பக்கத்துப் பியசேனவுக்குத் தமிழ் தெரியாது,
அழவேண்டிய இடம் தெரியும்.
கிண்ணியா ஹயாத்து நானா
விளம்பரத்தின்போது மாத்திரம் பேசுவார்:
"இந்த மருமகளுக்கு ஒரு அறை காணாது."
யன்னலுக்கு வெளியே மான்கள்
மிச்சக் கஞ்சிக்குக் காத்துநிற்கும்.

நான் அந்த நடிகரைப் பயன்படுத்தினேன், மறைக்கவில்லை.
"அண்ணை, பாருங்கோ,
அவர் சுண்டுவிரலை அசைக்கிறார். நீங்கள்?"
முயல்வார். நெற்றி வியர்க்கும்.
விரல் கிடக்கும்,
சேற்றில் இறக்கிய நங்கூரம்.

அந்த வெள்ளிக்கிழமை
மருமகள் திருந்தித் தீச்சட்டி ஏந்தினாள்.
அம்மன் தலையிலிருந்து
ஒரு செவ்வரத்தம்பூ விழுந்தது,
மூன்று கோணத்தில், மெதுவாக.
உதயவேந்தன் எழுந்தார்.
எழுந்தது போதாதென்று நடந்தார்.
நடந்தது போதாதென்று
பழைய குரலில், மூச்சு விடாமல்
முழுப்பக்க வசனம் பேசினார்.
வாட்டே கைதட்டியது. பியசேன கும்பிட்டார்.
மருந்துத் தட்டோடு நின்று அழுதாள் ரொசலின்.

பதினோராம் கட்டிலில் ஒரு சத்தம்.
இருமல் என்று நினைத்தேன்.
உதடு கூடிற்று, பிரிந்தது, கூடிற்று.
"பொ," என்றார்.
பிறகு, நூற்றுப் பன்னிரண்டு நாள் கழித்து,
முழுச் சொல்லாக,
"பொய்."

தெய்வயானை ஸ்டூலைத் தள்ளி எழுந்தாள்.
"என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ!"
"பொய். பொய். பொய்."
இடக்கையால் கட்டில் கம்பியில் தட்டித் தட்டி,
மூட்டை எண்ணுகிறமாதிரி.

கோப்பில் எழுதினேன்: நோயாளி பேசினார்.
தூண்டியது எது என்ற கட்டத்தில்
பூ என்று எழுதி வெட்டினேன்.

சனி ஞாயிறு தொடர் இல்லை.
திங்கள் ஏழு இருபதுக்கு
என் சட்டை நுனியைப் பிடித்து
டிவிப் பக்கம் தலையை ஆட்டினார்.
"பொய்தானே அண்ணை, இனி என்னத்துக்கு?"

யோசித்தார்.
சொல் தேடி எங்கேயோ போய்
வெறுங்கையோடு திரும்பினார்.
பிறகு, இருந்த ஒரே சொல்லை எடுத்து,
தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னார்:
"பொய்."

கட்டிலைத் திருப்பினேன்.